நேர்த்திக்கடனாகப் போட்ட அங்கி

அன்பான சகோதர சகோதரிகளே,

தவக்காலத் தியானத்தில் பயத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் நன்றியில் தொடங்குகிறேன். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

மதுரையிலிருந்து ஓரியூருக்குப் போகாத பங்கு இருக்காது. போனால் அந்தச் சிவந்த மண்ணில் ஒரு பிடி அள்ளிப் பொட்டலம் கட்டிக்கொண்டுதான் திரும்புவோம். 1693 பிப்ரவரி 4 அன்று அங்கே தலை வெட்டுண்ட அருளானந்தரின் கதையை நாம் எப்போதும் வெட்டிய வாளிலிருந்தே சொல்கிறோம். அது தொடங்கியது போர்ச்சுக்கல்லின் லிஸ்பனில், ஒரு தாயின் நேர்ச்சையில். பின்னாளில் நாம் அருளானந்தர் என்று அழைக்கும் சிறுவன் ஜான் அரண்மனையில் வளர்ந்தவன். நோயில் விழுந்து பிழைப்பானோ மாட்டானோ என்ற நிலை. அம்மா புனித சவேரியாரிடம் நேர்ந்துகொண்டார்: பிள்ளை பிழைத்தால் ஒரு வருடம் சேசு சபை அங்கி போட்டுவிடுகிறேன். பிழைத்தான். அரண்மனைப் பிள்ளைகள் பட்டு உடுத்தித் திரிய, இவன் கறுப்பு அங்கியோடு நடந்தான்.

நம்மூர்த் தாய்மார்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேளாங்கண்ணியில் மொட்டை போடுகிறோம், நன்றிப் பூசைக்குப் பெயர் கொடுக்கிறோம். கடன் தீர்ந்தது என்று நாம் வீடு திரும்பிவிடுவோம். அந்தப் பிள்ளைக்குத் தீரவில்லை. தன் உயிர் தனக்குக் கொடுக்கப்பட்டது என்பதை அவர் மறக்கவே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வளர்ந்து சேசு சபைக் குருவாகி, மறைபரப்ப நம் பக்கம் வந்தார். 1686-இல் மறவர் நாட்டில், அதாவது இராமநாதபுரம் பக்கம், அவரைப் பிடித்துச் சித்திரவதை செய்து, இனி இந்தப் பக்கம் வராதே என்று விட்டார்கள். போர்ச்சுக்கல்லுக்குப் போனார். அரசரே அங்கே தங்கச் சொன்னார். வலி எப்படி இருக்கும் என்று உடம்புக்குத் தெரியும். தெரிந்தும் அதே மண்ணுக்கு வந்தார்.

அப்படியானால் நன்றி சொன்னால் பயம் போய்விடுமா? போகாது. அப்படிச் சொல்பவர்களை நம்பாதீர்கள். கடைசி இராவுணவில் நம் ஆண்டவர் அப்பத்தை எடுத்து நன்றி செலுத்தினார். அதே இரவில் கெத்சமனித் தோட்டத்தில் கலங்கினார், இந்தக் கிண்ணம் அகலட்டும் என்று கெஞ்சினார். நன்றி சொன்ன அதே வாய். பயந்தால் விசுவாசம் இல்லை என்று உங்களிடம் யாராவது சொன்னால், அந்தத் தோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நன்றி முன்னால் போனது, பயம் பின்னால் வந்தது. ஆனாலும் அவர் எழுந்து நடந்தார்.

சேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார், நாளைத் திரும்பிப் பார்த்துச் செபிக்கும் தம் ஆன்மசோதனையில் வைத்த வரிசையும் இதுதான். பாவத்தைத் தேடுவதற்கு முன்பே, பெற்ற நன்மைகளுக்கு நன்றி. நாம் தலைகீழாகச் செய்கிறோம். படுத்ததும் குற்றப்பட்டியல், அப்புறம் நாளைய பயம். தூக்கம் எங்கே வரும்?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். புற்றுநோய்க்காக நன்றி சொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை. பெரியாஸ்பத்திரி வராந்தாவில் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கும் அம்மாவிடம் அப்படிச் சொல்வது கொடுமை. எல்லாச் சூழ்நிலையிலும் நன்றி கூறுங்கள் என்றுதான் பவுல் எழுதினார். பக்கத்து பெஞ்சிலிருந்து காப்பி வாங்கி நீட்டியவர் இருக்கிறாரே, அவருக்காகச் சொல்லலாம்.

சரி, இன்று இரவே செய்து பாருங்கள். பாத்திரம் கழுவி முடித்ததும் ஐந்து நிமிடம். இன்றைக்கு உதவியவர்களைப் பெயர் பெயராகச் சொல்லி நன்றி கூறுங்கள். அதன்பிறகு பயத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: ஸ்கேன், பையனின் வேலை, அடகில் கிடக்கும் நகை. ரிப்போர்ட் வாங்கப் போகும்போது தனியாகப் போகாதீர்கள், யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். அன்றிரவு நன்றி சொல்ல இன்னொரு பெயர் இருக்கும்.