மீன் கடைசியில் வரட்டும்

நேயர்களுக்கு வணக்கம். வீட்டுக்குள் செடி வைத்த மீன்தொட்டி அமைப்பது பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். வானொலியில் படம் காட்ட முடியாது என்பதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. இதில் இறங்குகிறவர்கள் பலர் படத்தைப் பார்த்துத்தான் ஏமாறுகிறார்கள். தரை முழுக்கப் பச்சைப் புல், நடுவில் ஒரு மரக்கட்டை, மேலே கூட்டமாகச் சின்ன மீன்கள். அந்தப் பாணியை உலகம் முழுக்கப் பரப்பியவர் ஜப்பானின் நீகாட்டாவைச் சேர்ந்த தகாஷி அமானோ. 1954இல் பிறந்தவர், சைக்கிள் பந்தய வீரராக இருந்து புகைப்படக்காரர் ஆனவர். 2015இல் இறந்தார். அதே ஆண்டில்தான் லிஸ்பன் கடல் காட்சியகத்தில் அவர் அமைத்த 40 மீட்டர் நீளச் செடித்தொட்டி திறக்கப்பட்டது. பெரிய கலைஞர், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பச்சைத் தரைக்கு மென்மையான தண்ணீர், பலமான விளக்கு, சிலிண்டரிலிருந்து குமிழ் குமிழாகக் கரியமில வாயு எல்லாம் வேண்டும். சென்னையில் போர் தண்ணீரை வைத்துக்கொண்டு முதல் தொட்டியிலேயே அதை முயன்றால் பணம்தான் கரையும்.

நம் தண்ணீர் பக்கெட்டில் வெள்ளையாகப் படிகிற தண்ணீர். சுண்ணாம்புச் சத்து மிகுந்தது. இதைக் குறையாக நினைத்து முழுக்க ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றுகிறார்கள், அதில் செடிக்கு வேண்டிய தாதுக்களே இருக்காது. தண்ணீரை மாற்றுவதைவிட, அந்தத் தண்ணீரை விரும்பும் செடியைத் தேடுவது சுலபம். வாலிஸ்நேரியா என்று கடையில் கேளுங்கள், நீளநீளமான இலையோடு கொடுப்பார்கள். ஹைட்ரில்லாவை நீங்களே பார்த்திருப்பீர்கள். பள்ளியில் புனலைக் கவிழ்த்து, மேலே சோதனைக் குழாயை வைத்து, ஆக்சிஜன் குமிழ் வருவதைக் காட்டுவார்களே, அந்தச் செடி. இந்த இரண்டும் கரியமில வாயு குறைவாக இருந்தால், கடினத் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளும். சிலிண்டர் வேலை மிச்சம்.

வாய்க்கால் ஓரங்களில் படரும் பிரமியும் தண்ணீருக்கு அடியில் வளரும். முதலில் பழைய இலையை உதிர்க்கும். செத்துவிட்டது என்று பிடுங்கிவிடாதீர்கள், நுனியிலிருந்து புது இலை வரும். இலங்கை ஓடைகளிலிருந்து உலகமெங்கும் போன கிரிப்டோகோரைன் வென்டியும் இப்படித்தான், இடம் மாறினால் இலையெல்லாம் கரைந்து வேர் மட்டும் நிற்கும். சில வாரங்களில் துளிர்க்கும். ஆப்பிரிக்காவின் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டையும் மண்ணில் புதைக்கவே கூடாது. கிழங்கு போன்ற தண்டு அழுகிவிடும். நூலால் கல்லிலோ கட்டையிலோ கட்டிவிடுங்கள். குளத்திலிருந்து செடி எடுத்து வந்தால் சில நாள் தனி வாளியில் போட்டு வையுங்கள். நத்தை வந்தால் பரவாயில்லை. தட்டானின் இளம்பூச்சி ஒன்று கூடவே வந்துவிட்டால் சின்ன மீன்களைப் பிடித்துத் தின்றுவிடும்.

சரி, தொட்டிக்கு வருவோம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகால் அடி உயரம் இருந்தால் ஆரம்பத்துக்குப் போதும். ஏறக்குறைய 70 லிட்டர் பிடிக்கும், அதாவது தண்ணீர் மட்டுமே 70 கிலோ. எனவே ஆடாத மேசை வேண்டும், அடியில் ஒரு தெர்மோகோல் தகடு, நேர் வெயில் படாத சுவர். மேசைமேல் வைக்கிற குட்டிக் கண்ணாடிக் கிண்ணம் சுலபம் என்று தோன்றும். தண்ணீர் குறைவாக இருப்பதால் அதில்தான் எல்லாம் சீக்கிரம் கெடும்.

அடியில் சலித்த தோட்டமண் ஓர் அங்குலம். எரு, உரம் எதுவும் கலக்காத மண். அதன்மேல் கழுவிய சிறு சரளை ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல். எம்-சாண்ட் வேண்டாம், கல்தூள் இறுகிப்போகும். தண்ணீரை ஒரு தட்டின் மேல் மெதுவாக ஊற்றினால் மண் கலங்காது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒரு நாள் வாளியில் திறந்து வையுங்கள். விளக்குக்கு, வீட்டில் போடுகிற 6500 கெல்வின் வெள்ளை எல்.இ.டி. போதும். முதலில் தினம் 6 மணி நேரம், செடி பிடித்த பிறகு 8 மணி வரை. கண்ணாடியில் பாசி படர்ந்தால் மருந்து வாங்கப் போகாமல் முதலில் விளக்கு நேரத்தைக் குறையுங்கள்.

இப்போது தொட்டி தயாராகத் தெரியும். குழந்தைகள் மீன் எங்கே என்று கேட்பார்கள். இடம் கொடுக்காதீர்கள். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அதை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரேட்டாக மாற்றும், நைட்ரேட்டைச் செடி எடுத்துக்கொள்ளும். இந்த பாக்டீரியாக்கள், தண்ணீரைச் சுத்தப்படுத்தத் தொட்டியில் வைக்கிற பில்டரின் பஞ்சிலும் சரளையிலும் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகலாம். இதில் நமக்கு ஒரு சிக்கல் கூடுதல். தண்ணீரின் காரத்தன்மையும் வெப்பமும் ஏற ஏற அம்மோனியாவின் நஞ்சும் ஏறும். நம் ஊர்த் தண்ணீருக்கு இரண்டுமே உண்டு. குளிர்நாட்டுக்காரர் அவசரப்பட்டுத் தப்பித்தாலும் தப்பிக்கலாம், இங்கே மறுநாளே மீன் மிதக்கும். அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் பார்க்கிற சோதனைக் குப்பிகள் கடையில் கிடைக்கின்றன. அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்று அவை காட்டிய பிறகு கப்பி மீனில் தொடங்கலாம், நான்கைந்து போதும். நம் குளங்களில் கொசுப்புழு தின்று திரியும் பஞ்சாக்ஸும் நல்ல தேர்வு. துள்ளிக் குதிக்கும், மூடி அவசியம். தங்கமீனை விட்டால் செடியை மேய்ந்துவிடும்.

ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. இரவில் செடியும் ஆக்சிஜனைத்தான் எடுக்கும் என்பதால் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்தால் ஏர் பம்ப் போடுங்கள். சின்ன மின்விசிறியை நீர்ப்பரப்பின் மேல் காட்டினால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியான அளவுக்கு மட்டும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள், உப்பு சேராமல் இருக்கும். வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்றினால் போதும். அந்தப் பழைய தண்ணீரை மாடித்தோட்டத்துக்கு ஊற்றலாம்.

கடையில் ‘டேங்க் கிளீனர்’ என்று கட்டாயப்படுத்தி ஒரு மீன் கொடுப்பார்கள். தென் அமெரிக்காவின் சக்கர் கெளுத்தி அது. ஓரடிக்கு மேல் வளரும், செடிகளைப் பிடுங்கும், அப்புறம் சலித்துப்போய் யாரோ ஏரியில் விடுவார்கள். தமிழ்நாட்டு நீர்நிலைகளில் அது பெருகி நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது இப்படித்தான். வாங்காதீர்கள். வாங்கியிருந்தால் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். வெட்டிய செடித் துண்டுகளையும் குளத்திலோ கால்வாயிலோ போடாமல் வெயிலில் காயவைத்து உரக்குழியில் போடுங்கள். வணக்கம்.