கட்டையில் வந்து உட்கார்ந்த குருவிகள்

வணக்கம். முன்வரிசையில் பையன்கள் நிறைய இருப்பதால் ஒரு கல்லெறியிலிருந்து தொடங்குகிறேன்.

இங்கிலாந்தின் வடக்கே, டைன் ஆற்றை ஒட்டி செர்ரிபர்ன் என்றொரு பண்ணை வீடு. 1753-இல் அங்கே பிறந்தவர், பின்னாளில் மரக்கட்டையில் பறவைப் படங்கள் செதுக்கிய தாமஸ் பியூயிக். பையனாக இருந்தபோது மரத்திலிருந்த குருவிமேல் கல்லை விட்டெறிந்தார். குறி தப்பவில்லை. கையில் எடுத்தால், அது அவர் முகத்தையே பார்க்கிறது. வீட்டுக்குக் கொண்டுபோனார், பிழைக்கவில்லை. தான் கொன்ற கடைசிப் பறவை அதுதான் என்று வயதான காலத்தில் எழுதினார். ஆனால் தன் பொருட்டுப் பிறர் கொன்றவை ஏராளம் என்றும் சேர்த்தே எழுதினார். எனக்கு இவரைப் பிடித்துப்போனது அந்த இரண்டாவது வரியால்தான்.

14 வயதில் நியூகாசிலில் ரால்ஃப் பெய்ல்பியிடம் தொழில் பழகச் சேர்ந்தார். வெள்ளிச் சாமானில் எழுத்து வெட்டும் பட்டறை. மரக்கட்டை வேலை வந்தால் பெய்ல்பிக்குப் பிடிக்காது, பையன் தலையில் கட்டிவிடுவார். நல்லதாகப் போயிற்று! அப்போதெல்லாம் மர அச்சுக்குப் பெரும்பாலும் நெடுக்கில் அறுத்த பலகையைக் கத்தியால் வெட்டுவார்கள். பியூயிக் எடுத்துக்கொண்டது பாக்ஸ் என்ற கெட்டியான மரத்தின் குறுக்குவெட்டுத் துண்டை. அதில் உலோகம் செதுக்கும் உளியை ஓட்டினார். நார் தடுக்காது, தலைமுடிபோலக் கோடு விழும். வெட்டிய இடம் வெள்ளை, விட்ட இடம் கறுப்பு. இறகுகளை ஒவ்வொன்றாக இருட்டிலிருந்து வெளியே எடுப்பதுபோன்ற வேலை. அந்த மரம் அதிகம் பருக்காது. அதனால்தான் அவருடைய பறவைகள் உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகின்றன.

1791-இல் விக்லிஃப் என்ற ஊரில், பஞ்சடைத்து வைத்த பறவைகளைப் பார்த்து ஏறக்குறைய இரண்டு மாதம் வரைந்தார். அப்புறம்தான் உறைத்தது: பஞ்சடைத்ததற்கு உடம்பு இருக்கிறது, நிற்கத் தெரியவில்லை. பல படங்களை ஒதுக்கிவிட்டு, உயிருள்ளவற்றுக்கும் அன்றன்று சுட்டு வந்தவற்றுக்கும் காத்திருந்தார். 'பிரிட்டிஷ் பறவைகளின் வரலாறு' முதல் பாகம் 1797-இல் வந்தது, நீர்ப்பறவைகள் 1804-இல். முதல் பாகத்தில் யார் பெயர் போடுவது என்று, அதற்குள் தொழில் கூட்டாளியாகிவிட்டிருந்த பெய்ல்பியோடு தகராறு, கூட்டும் முறிந்தது. சரி, அது கிடக்கட்டும்.

பக்கத்தின் அடியில் மிச்சமிருக்கும் இடத்தையும் இவர் விடவில்லை. ஒரு குட்டிப்படத்தில், பாலத்துச் சுங்கக் காசை மிச்சம்பிடிக்க ஒருவன் மாட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு ஆற்றைக் கடக்கிறான். காசு மிச்சம்தான். தொப்பி போய்விட்டது.