இழவு அழைப்பின் பின்பக்கம்

(நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியது)

அவைத் தலைவர் அவர்களே, எத்தனையோ வேலைக்கு நடுவே வந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, எனக்குப் போர்த்திய பொன்னாடையைவிடக் கனமாக என்னைப் புகழ்ந்துவிட்ட புலவர் ஐயா அவர்களே, உட்கார இடமில்லாமல் பின்னால் நிற்கும் சைன்போர்டு ஓவியர்களே, வணக்கம்.

பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் கோடு, கடன், காகிதம் என்று மூன்று செய்திகள் பேசுவதாகச் செயலாளரிடம் ஒப்புக்கொண்டேன். காகிதத்தில் தொடங்குகிறேன்.

சுவர் இருந்தால்தான் சித்திரம். இதைச் சொல்லாமல் நான் மேடை இறங்கியதில்லை. ஆம்ஸ்டர்டாமில் சுவர் இருந்தது. புத்தம்புது நகர மண்டபம். ரோமாபுரியை எதிர்த்து, டச்சுக்காரர்கள் தம் முன்னோராகக் கருதிய படாவியர் கிளர்ந்தெழுந்த கதையை அதில் தீட்ட கோவர்ட் ஃபிளிங்க் என்பவரை அமர்த்தினார்கள். 1660இல் அவர் இறந்துபோனார். வேலையைப் பலருக்குப் பிரித்தார்கள். ஒரு பங்கு யாருக்கு? ஃபிளிங்க்குக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த ரெம்பிராண்டுக்கு! 1656இலேயே திவாலானவர். சிஷ்யன் விட்டுப்போன வேலை குருவுக்கு வருகிறது, பாருங்கள்.

கிளர்ச்சித் தலைவன் கிளாடியஸ் சிவிலிஸுக்கு ஒற்றைக் கண். பக்கவாட்டில் வரைந்து மறைத்திருக்கலாம். இவரோ போன கண் தெரியும்படி நம் முகத்துக்கு நேரே உட்கார வைத்தார். வாளோடு வாள் சேர்த்துச் சத்தியம் செய்கிறார்கள். சுமார் ஐந்தரை மீட்டர் உயரப் படம். மாட்டினார்கள், 1662இலேயே கழற்றினார்கள். வெட்டிச் சிறிதாக்கியதில் மிஞ்சிய நடுத்துண்டு இன்று ஸ்டாக்ஹோமில். சுவர் மட்டும் அங்கேயே இருக்கிறது!

முழுப் படம் எப்படி இருந்தது என்று சொல்வது மியூனிக்கில் உள்ள ஒரு காகிதம்தான். ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். அந்தப் படத்துக்காக ரெம்பிராண்ட் போட்ட பேனாக் கிறுக்கல், பழுப்பு மையில் நிழல். உயர்ந்த வளைவுகள், முன்னால் படிக்கட்டு, நடுவே மேசையைச் சுற்றிப் பொடிப்பொடியாக ஆட்கள். திருப்பினால் 1661 அக்டோபர் தேதியிட்ட இழவு அழைப்பு! கருமாதிப் பத்திரிகையை நாம் படித்த கையோடு கிழித்துப் போடுவோம். அந்த மனிதர் அதிலும் வெற்றிடம் பார்த்திருக்கிறார்.

சுவர் இருந்தால்தான் சித்திரம், சரி. ஃப்ளெக்ஸ் வந்தபின் நம் ஓவியர்களுக்குச் சுவரும் போயிற்று. அவர்கள் கட்டம் போட்டு வரைந்த மாதிரித் தாள்களோ பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போகின்றன. அம்மா அவர்களே, இந்த நூலக மாடியில் உடைந்த நாற்காலி அடைத்த அறை ஒன்று பூட்டிக் கிடக்கிறது. அதையும் ஓர் இரும்பு பீரோவையும் கொடுங்கள். தாள்களை நாங்கள் சேர்க்கிறோம்.

தலைவர் மணியடித்துவிட்டார், கோடும் கடனும் அடுத்த வருஷம். மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள்.