பந்தோட சேத்து விசிலையும் குடுங்க

எல்லாருக்கும் வணக்கம். மேடையில இருக்கற பெரியவங்களுக்கும், அடுப்ப அணைச்சுட்டு வந்திருக்கற அம்மாங்களுக்கும், முன்னாடி பாய்ல உக்காந்துகிட்டு அந்த மூட்டையையே பாத்துட்டு இருக்கற பசங்களுக்கும். மூட்டையில பந்துதான்டா இருக்கு, வரும் வரும். அதுக்கு முன்னாடி உங்க மாதிரி பசங்க கதை ஒண்ணு சொல்லிடறேன்.

ஆப்பிரிக்காவுல கென்யா, அதோட தலைநகரம் நைரோபிக்குள்ளயே மத்தாரேன்னு ஒரு இடம். பழைய கல்குவாரி பள்ளம், ஆத்தோரமா தகர வீடுங்க ஒண்ணோட ஒண்ணு இடிச்சுகிட்டு நிக்கும். அங்க பசங்க பிளாஸ்டிக் பைய சுருட்டி, மேல மேல சுத்தி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டி பந்து செய்வாங்க, அதுக்கு ஜுவாலான்னு பேரு. 1987ல பாப் மன்ரோன்னு ஒரு கனடாக்காரர், சுற்றுச்சூழல் வேலையா அந்த ஊர்ல இருந்தவர், இவங்க ஃபுட்பால் ஆடறத பாத்தார். பசங்க கேட்டது ஒரு நிஜ பந்து, விசில் ஊத ஒரு ஆளு, ஒழுங்கா ஒரு லீக். சரின்னார், ஆனா ஒரு கண்டிஷன் போட்டார்: நீங்க ஏதாவது செஞ்சா நான் செய்வேன், நீங்க சும்மா இருந்தா நானும் சும்மா இருப்பேன்.

என்ன செய்யணும்னா, குப்பை. அங்க குப்பை அள்ள வண்டி வராது, சாக்கடை அடைச்சு தண்ணி தேங்கி கொசுவும் வயித்துப்போக்கும் சின்னப் பிள்ளைங்களத்தான் முதல்ல பிடிக்கும். அதனால லீக் பாயிண்ட் டேபிள்லயே குப்பைய சேத்துட்டாங்க. மேட்ச் ஜெயிச்சா 3 பாயிண்ட், டீமா சேந்து ஒரு சுத்தம் பண்ற வேலைய முடிச்சா 6 பாயிண்ட்! எனக்கு இந்த கதையில ரொம்பப் பிடிச்ச இடமே இதான், ஏன்னா நல்லா ஆடற டீம் மம்பட்டி எடுக்கலன்னா அடுத்த வாரம் கீழ போயிடும், மூணு கோல் வாங்கி தோத்த டீம் சாக்கடைய சுத்தம் பண்ணிட்டு மேல வந்துடும், அப்போ தோக்கறவனுக்கும் திரும்பி வர ஒரு காரணம் இருக்கு இல்ல? மத்தாரே யூத் ஸ்போர்ட்ஸ் அசோசியேஷன், சுருக்கமா மைசா, இப்படித்தான் வளந்துச்சு. 1992ல ஐ.நா. சுற்றுச்சூழல் விருது ஒண்ணு இவங்களுக்கு வந்துச்சு, பந்து ஆடப்போன பசங்களுக்கு!

அதே 1992லதான் பொண்ணுங்க லீக்கும். அது லேசுல நடக்கல. தண்ணி யார் எடுப்பா, தம்பி தங்கச்சிய யார் பாப்பான்னு வீட்டுல கேட்டாங்க. இங்க உக்காந்திருக்கற அம்மாங்களுக்கு அந்தக் கேள்வி புதுசா என்ன? அந்த வீட்டு வேலைய யாராவது பங்கு போட்டுக்காம எந்தப் பொண்ணும் கிரவுண்டுக்கு வர முடியாது, இத நான் அப்பாங்களையும் அண்ணனுங்களையும் பாத்துதான் சொல்றேன்.

சோறே இல்லாத பிள்ளைக்கு பந்து எதுக்குன்னு சில பேர் கேப்பாங்க. யோஹான் ஓலாவ் காஸ்னு நார்வேக்காரர், 1994 குளிர்கால ஒலிம்பிக்ஸ்ல ஸ்கேட்டிங்ல மூணு தங்கம் வாங்கினவர், ஆப்பிரிக்காவுல இருக்கற எரித்ரியா நாட்டுக்கு விளையாட்டு சாமான ஏத்திட்டு போனப்போ இதே கேள்விதான் அவரையும் கேட்டாங்க. போருக்கு அப்புறம் அங்க பசங்க சட்டைய சுருட்டி அதோட கையாலயே கட்டி பந்து ஆடினத அவர் முன்னாடியே பாத்திருந்தார். சட்டைய கழட்டி பந்து பண்ற பிள்ளைகிட்ட உனக்கு விளையாட்டு வேணுமான்னு கேக்கணுமா என்ன? சோறும் குடுக்கணும், பந்தும் குடுக்கணும். 1989ல ஐ.நா. எழுதின குழந்தைகள் உரிமை ஒப்பந்தத்துல 31வது பிரிவுல விளையாட்டு இருக்கு, அத யாரும் தானமா நினைக்க வேண்டாம்.

மத்தாரேக்கே வரேன். அங்க கோச், ரெஃப்ரி எல்லாம் அந்த பசங்கதான், கமிட்டிக்கு அவங்களே ஓட்டு போட்டு ஆள் எடுப்பாங்க. சின்னவங்களுக்கு சொல்லிக் குடுத்தா, மேட்ச் நடத்தினா அதுக்கு தனியா பாயிண்ட், அது சேந்தா ஸ்காலர்ஷிப், பணம் நேரா ஸ்கூலுக்கு ஃபீஸா போயிடும். மஞ்சள் கார்டு, சிவப்பு கார்டு தெரியும், இவங்க பச்சை கார்டுன்னு ஒண்ணு வச்சாங்க, கிரவுண்டுல யோக்கியமா நடந்துகிட்டவனுக்கு. 1994ல மத்தாரே யுனைட்டெட்னு பெரிய டீம் ஆரம்பிச்சாங்க. 2007 கடைசில கென்யாவுல தேர்தல் முடிஞ்சு கலவரம், மத்தாரேல ஒரே தெருவுல இருந்தவங்க ஒருத்தர ஒருத்தர் வெட்டிகிட்டாங்க, வீடுங்க எரிஞ்சுச்சு. அடுத்த வருஷம், 2008ல, இந்த மத்தாரே யுனைட்டெட் நாட்டு லீக்கையே ஜெயிச்சாங்க. கோச் பிரான்சிஸ் கிமான்சி, அவரே மைசாவுல ஆடி வளந்த பையன். அந்த வருஷத்த நினைச்சா எனக்கு இப்பவும் தொண்டை அடைக்குது.

நம்ம கமிட்டிக்கு ஒரு விண்ணப்பம். இந்த மூட்டைய பீரோவுல பூட்டி சாவிய பெரியவங்க வச்சுக்க வேண்டாம். ஒரு நோட்டு, ஒரு விசில், பந்து, மூணையும் பசங்ககிட்ட குடுத்துடுங்க, யார் யாரோட ஆடணும், எத்தன மணிக்குன்னு அவங்களே எழுதட்டும். சண்டை வரும், வரட்டும், உடனே ஓடிப்போய் தீர்த்து வைக்காதீங்க. முதல் ரெண்டு வாரம் விசில் ஒரு பொண்ணு கையில இருக்கட்டும். யாரும்மா வரீங்க? அந்த நீல பாவாடை, ஆமா நீதான், மேல வா.