நாகர்கோவில் கல்யாணத்துக்கு வர்றீங்களா? கன்னியாகுமரிக்கு வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

[காட்சி: மணிமேடை சந்திப்பு, காலை நேரம்]

வணக்கம். நாகர்கோவில்ல சொந்தக்காரங்க வீட்டுக் கல்யாணம். பத்திரிகை வந்தாச்சு, ரயில் டிக்கெட்டும் போட்டாச்சு. வர்றவங்க பெரும்பாலும் என்ன பண்றாங்கன்னா, தாலி கட்டி முடிஞ்சு சாப்பிட்டதும் வேனைப் பிடிச்சு நேரே கன்னியாகுமரி. கடலைப் பார்த்துட்டு அப்படியே ஊருக்கு. எனக்கு அதுல மனசே ஆறாது. திருவிதாங்கூரோட பழைய தலைநகரம் நாகர்கோவில் பக்கத்துலயே, தக்கலைக்கிட்ட இருக்கு. அதைப் பார்க்காம போறது பெரிய இழப்பு.

[காட்சி: பத்மநாபபுரம் அரண்மனை முகப்பு]

அந்தப் பழைய தலைநகரம்தான் பத்மநாபபுரம். அங்க போறதுக்கு முன்னாடி காலண்டரைப் பாருங்க. அரண்மனைக்குத் திங்கள்கிழமை விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம், திங்கள் சும்மாதானே இருக்கோம்னு குடும்பத்தோட கிளம்பிப் போனா பூட்டின வாசலைத்தான் பார்க்கணும். ஞாயிறு கல்யாணம்னா சனிக்கிழமை காலையிலயே வந்திறங்கி, முதல் வேலையா இதை முடிச்சிடுங்க. மதியச் சாப்பாட்டு நேரத்துலயும் அடைப்பாங்க, அதனால காலையில போறதுதான் நல்லது.

இடம் தமிழ்நாட்டுல, பராமரிக்கிறது கேரளத் தொல்லியல் துறை. 1956 நவம்பர் 1-ல இந்தப் பகுதி தமிழ்நாட்டோட சேர்ந்தப்பவும் அரண்மனை மட்டும் அவங்க பொறுப்புலயே இருந்துடுச்சு. கேரளத்து மரவேலைப்பாடு இவ்வளவு முழுசா நின்னு பார்க்கக் கிடைக்கிற இடம் அபூர்வம்.

[காட்சி: பூமுகத்தின் கூரை, மிக நெருக்கத்தில்]

நுழைஞ்சதும் பூமுகம். அவசரப்பட்டு மாடி ஏறாதீங்க, அண்ணாந்து பாருங்க. மரக்கூரையில 90 பூக்கள் செதுக்கியிருக்காங்க, ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இல்லை. பக்கத்துலயே குதிரை விளக்கு தொங்கும். எந்தப் பக்கம் திருப்பினாலும் திருப்பின இடத்துல அப்படியே நிக்கும். மேல ராஜா ஆலோசனை நடத்தின மந்திரசாலையில வண்ண மைக்கா பதிச்ச ஜன்னல்கள், வெளியே எவ்வளவு வெயிலானாலும் உள்ளே குளிர்ச்சியா இருக்கும். செருப்பைக் கழற்றிட்டுத்தான் நடக்கணும், அதுவும் நல்லதுக்குத்தான். தேங்காய்ச் சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைச்ச அந்தக் கருந்தரையோட வழுவழுப்பு வெறுங்காலுக்குத்தான் தெரியும்.

கல்யாணத்துக்கு வந்தவங்க கட்டாயம் பார்க்கவேண்டியது ஊட்டுப்புரை. ரெண்டு மாடி, ஒரு மாடிக்கு 1000 பேர்னு 2000 பேருக்கு அன்னம் போட்ட கூடம். நாளைக்கு மண்டபத்துல பந்தி பரிமாறுறவங்க படுற பாட்டைப் பார்க்கும்போது இந்தக் கூடம் ஞாபகத்துக்கு வரும்.

[காட்சி: உதயகிரிக் கோட்டைச் சுவர்]

திரும்பி வர்ற வழியில புலியூர்க்குறிச்சி. 1741-ல குளச்சல் போர்ல திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவோட படை டச்சுக்காரங்களைத் தோற்கடிச்சப்போ பிடிபட்டவர் டச்சு அதிகாரி டிலனாய். பிடிபட்டவரே பின்னால திருவிதாங்கூர் படைக்குத் தளபதி ஆனார். 1777-ல இறந்த அவரோட கல்லறை இந்த உதயகிரிக் கோட்டைக்குள்ள இருக்கு. கல்வெட்டுல லத்தீனும் தமிழும் சேர்ந்திருக்கும். அரைமணி நேரம் போதும்.

[காட்சி: வாழை இலை, பந்தி]

முகூர்த்த நாள்ல எங்கேயும் போகாதீங்க. அன்னைக்குப் பார்க்கவேண்டியது இலைதான். தீயல், அவியல், எரிசேரி, புளிசேரின்னு வரும். பிரதமன்ங்கிற பாயசம் ஊத்தினதும் உடனே குடிச்சிடாதீங்க, ஒரு மட்டிப்பழமும் ஒரு பப்படமும் அதுல போட்டுப் பிசைஞ்சு சாப்பிடுங்க. கன்னியாகுமரி மட்டிப்பழத்துக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு.

[காட்சி: தோவாளை பூச்சந்தை, விடியுமுன்]

மறுநாள் விடியக்காலம் தோவாளை. இதுக்குத் தூக்கத்தை விடலாம், நான் பொறுப்பு. இருட்டோடயே ஏலம் சூடுபிடிச்சுடும், வெயில் ஏறினா கூட்டம் கலைஞ்சிடும். பிச்சி, மல்லி, அரளி, கிரேந்தி, சம்பங்கி, வாடாமல்லின்னு மூட்டை மூட்டையா வந்து, பாதிக்கு மேல விடியறதுக்குள்ள வண்டியேறிடும். கேரளத்துக்கும் இங்கிருந்துதான் போகுது. ஓணம் சமயத்துல கால் வைக்க இடமிருக்காது.

சந்தையோட நின்னுடாம, மாணிக்கமாலை கட்டுறவங்களைத் தேடிப் பாருங்க. சிவப்பு அரளி, வெள்ளை அரளி, நொச்சி இலை. ஒவ்வொரு பூவையும் இதழ் நசுங்காம மடிச்சு, நாருக்குள்ள வரிசை தப்பாம செருகிக்கிட்டே போவாங்க. உருண்டையா இல்லாம பாய் மாதிரி தட்டையா வரும், முன்னும் பின்னும் ஒரே மாதிரி, கற்கள் பதிச்ச கணக்கா. 2025-ல தோவாளை மாணிக்கமாலைக்கும் புவிசார் குறியீடு வந்துடுச்சு. அந்த விரல்களோட வேகத்தைப் பார்த்தவங்க அப்புறம் எந்தக் கல்யாண மாலையையும் சாதாரணமா பார்க்க மாட்டாங்க.

[காட்சி: சுசீந்திரம் கோபுரம், தெப்பக்குளம்]

அங்கிருந்து சுசீந்திரம். 134 அடி கோபுரம். சிவன், விஷ்ணு, பிரம்மா மூணு பேரும் ஒரே மூர்த்தமா தாணுமாலயன். ஒரே கல்லுல கொத்தாச் செதுக்கின இசைத்தூண்கள், 18 அடி ஆஞ்சநேயர். ஆண்கள் மேல்சட்டையைக் கழற்றணும், கல்யாணத்துக்குக் கொண்டுவந்த வேட்டி இங்கயும் உதவும். மதியம் நடை சாத்திடுவாங்க, அதனால காலை 11 மணிக்குள்ள தரிசனத்தை முடிச்சிடுங்க.

குழந்தைகளோட வந்து இன்னொரு நாள் தங்குறவங்க மாத்தூர் தொட்டிப்பாலம் போகலாம். காமராஜர் காலத்துத் திட்டம், பறளியாத்துக்கு மேல 115 அடி உயரத்துல தண்ணி கொண்டுபோற பாலம். சின்னப் பிள்ளைங்க கையை விட்டுடாதீங்க. பக்கத்துலதான் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள், பள்ளிகொண்ட கோலத்தை மூணு வாசல் வழியாப் பார்க்கணும்.

[காட்சி: கன்னியாகுமரி படகுத்துறை]

இப்போ கன்னியாகுமரி. விவேகானந்தர் பாறை, 133 அடி வள்ளுவர், எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். புதுசா ஒண்ணு: நீர்மட்டம் குறைஞ்சா வள்ளுவர் பாறைக்குப் படகு போகாதுங்கிற சிரமம் இருந்துச்சு. 2024 டிசம்பர் 30-ல ரெண்டு பாறைக்கும் நடுவுல 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் திறந்ததுலருந்து நடந்தே போயிடலாம். படகு டிக்கெட் சாயங்காலம் வரைக்கும் கிடைக்காது, 4 மணியோட நின்னுடும். கடல் கொந்தளிப்பா இருந்தா படகே ஓடாது.

சூரிய அஸ்தமனம் பத்தியும் சொல்லிடறேன். சூரியன் கடல்ல இறங்குறது ஐப்பசி தொடங்கி மாசி வரைக்கும்தான். வைகாசி, ஆவணிக் கல்யாணத்துக்கு வந்தவங்களுக்குக் கரைப்பக்கமாத்தான் மறையும். அதுக்காகச் சாயங்காலம் முழுக்கக் காத்திருக்காம, வெளிச்சம் இருக்கும்போதே வட்டக்கோட்டைக்குப் போயிட்டு வாங்க, 7 கிலோமீட்டர்தான். கருங்கல் கோட்டை, மதில் மேல ஏறினா கீழே கடல். அப்படியே நாகர்கோவில் திரும்பி, தேங்காய் எண்ணெய்ல போட்ட நேந்திரங்காய் சிப்ஸ் சூடா வாங்கிட்டு ரயிலேறுங்க.