இடது கையால் நூற்றவர்

நேயர்களுக்கு வணக்கம். பாலக்கோட்டிலிருந்து வருகிறேன். நூற்பது, கம்பளி, தறி, ஒட்டுத்துணிப் போர்வை என்று முப்பது வருஷமாக நூலோடும் துணியோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவள், கேட்டு வருகிறவர்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். கைத்தொழிலின் பெருமையைப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள், அதை அவர்களுக்கே விட்டுவிடுகிறேன். என் மனசில் ரொம்ப நாளாகக் கிடக்கிற விஷயம் வேறு. தொழிலில் கரைகண்டவர்களில் பலருக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வருவதில்லையே, ஏன்?

எனக்கு முதலில் தக்ளி, அதாவது கையால் சுழற்றி நூல் நூற்கிற சின்னக் கதிர், பிடிக்கக் கற்றுத்தந்தது எங்கள் தெருவில் இருந்த ஒரு பாட்டி. கதர் அலை அடித்த காலத்தில் சின்னப் பெண்ணாக நூற்கக் கற்றவர். ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி 1925இல் திருச்செங்கோட்டுப் பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் ஆரம்பித்தாரே, அந்தக் கதையைப் பாட்டி நேரில் பார்த்த மாதிரியே சொல்வார். அப்போது இதெல்லாம் சேலம் ஜில்லா. 1965இல்தான் தருமபுரி தனியாகப் பிரிந்தது. சரி, பாட்டிக்கு வருகிறேன். அவர் கையில் நூல் தலைமுடி மாதிரி இறங்கும். "இப்படி இழுத்து இப்படி விடணும், அவ்ளோதான்" என்பார். அந்த ‘இப்படி’க்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. கை ஐம்பது வருஷமாகச் செய்து செய்து, மனசைக் கேட்காமலே வேலையை முடித்துவிடுகிறது. நான் இழுத்தால் அறும். மறுபடி இழுத்தால் மறுபடி அறும். உனக்குக் கை வராது கண்ணு என்று பாட்டியே ஒருநாள் பாசத்தோடு சொல்லிவிட்டார்.

அப்புறம் பத்து வருஷம் கழித்து ஓசூரில் ஒரு அம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். அவர் என் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல், தன் கைகளை மாற்றிக்கொண்டார். வழக்கமாக இடது கையில் இருக்கும் பஞ்சு வலது கைக்குப் போனது, இடது கை தக்ளியைச் சுழற்றத் தடுமாறியது. மூன்றாவது சுழற்சியில் அவருக்கும் அறுந்தது! "இப்ப நானும் உன்னை மாதிரிதான். எந்த இடத்துல அறுதுன்னு ரெண்டு பேரும் பார்ப்போம் வா" என்றார்.

பார்த்தோம். பஞ்சின் ஒரு இழை நீளம் ஓர் அங்குலத்தை ஒட்டித்தான் இருக்கும். முறுக்கு ஏறிய இழைகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், முறுக்கு ஏறாதவை சும்மா பக்கத்தில் பக்கத்தில் படுத்துக் கிடக்கும். அந்தச் சும்மா கிடக்கிற பகுதி ஓர் அங்குலத்துக்கு மேல் போனால் பிடித்துக்கொள்ள ஆள் இல்லாமல் பிரிந்து விழும். நான் இரண்டு கையையும் அகட்டி அகட்டி இழுத்துக்கொண்டிருந்தேன், முறுக்கு வந்து சேருவதற்குள் பஞ்சு பிரிந்துபோனது. அவ்வளவுதான் விஷயம். பாட்டிக்கும் இது தெரியும், விரலுக்குத் தெரியும், வாய்க்குத்தான் தெரியவில்லை.

இதே கணக்கு கம்பளிக்குப் போனால் தலைகீழ். ஆட்டு ரோமம் இரண்டு மூன்று அங்குலம் இருக்கும். பஞ்சுக்குப் பழகிய கையை அப்படியே வைத்து இழுத்தால், ஒரே ரோமத்தின் இரண்டு முனையும் நம் இரண்டு கையிலுமே இருக்கும். நம்மோடு நாமே கயிறு இழுக்கிற மாதிரி, நகரவே நகராது. இருபது வருஷம் கதர் நூற்ற ஒருவர் கம்பளியில் கை வைத்து, இது கெட்ட சரக்கு என்று தூக்கிப் போட்டதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பட்டு இதைவிட நீளம். நம் ஜில்லாவில் பட்டுக்கூட்டுக்குப் பஞ்சமில்லை, தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு ஒருமுறை போய் வந்தவர்களுக்குத் தெரியும். நல்ல வெண்கூடு ஒன்றில் ஏறக்குறைய 1000 மீட்டருக்கு அறாத ஒரே இழை இருக்கும். ஆனால் பூச்சி துளைத்து வெளியேறிய கூடு, இரண்டு புழு சேர்ந்து கட்டிய இரட்டைக்கூடு, இதெல்லாம் நூல் எடுக்கச் சரிப்படாது என்று ஒதுக்கிவிடுவார்கள். அதைத்தான் நான் வகுப்புக்குக் கேட்டு வாங்கி வருவேன். சோப்பும் சலவைச் சோடாவும் போட்டுக் கொதிக்கவிட்டால் பசை கழன்று, எடையில் கால் பங்கு வரை தண்ணீரோடு போய்விடும். (வீடு முழுக்க ஒரு நாற்றம் அடிக்கும், அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஒரு மாணவியின் மாமியார் இன்னும் என்னோடு பேசுவதில்லை.) மிஞ்சுவதைப் பிரித்து உலர்த்தினால் மேகம் மாதிரி இருக்கும். இதை நூற்க வந்தவர்களில் யாருக்குச் சீக்கிரம் வந்தது தெரியுமா? பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்த, தக்ளியே பார்த்திராத, புழு வளர்க்கிற ஒரு பெண்ணுக்கு. ஒவ்வொரு அறுவடையிலும் கூட்டின் மேல் ஒட்டியிருக்கும் பஞ்சைப் பிய்த்துப் பிய்த்து அவர் விரலுக்கு அந்த இழை எவ்வளவு தூரம் வரும் என்று தெரிந்திருந்தது. ஒரே மத்தியானம்.

கம்பளியை நெய்யாமல், பின்னாமல், நீரும் சோப்பும் விட்டுத் தேய்த்தே துணியாக்குவது ஒன்று இருக்கிறது, ஃபெல்ட் என்பார்கள். புதுசு என்று நினைக்க வேண்டாம், ஓசூர் குளிருக்கு வாங்கிய ஸ்வெட்டரைச் சுடுதண்ணீரில் அடித்துத் துவைத்து, பிள்ளைக்குப் போடுகிற அளவுக்குச் சுருக்கியவர்கள் எல்லோரும் இதைச் செய்தவர்கள்தான். ரோமத்தின் மேல் மீன் செதில் மாதிரி செதில் உண்டு. சூடும் சோப்பும் பட்டால் விரியும், தேய்க்கத் தேய்க்க ஒன்றில் ஒன்று மாட்டிக்கொள்ளும், அப்புறம் பிரம்மா வந்தாலும் பிரிக்க முடியாது. ஒருவர் ஆசையாக மேச்சேரி ஆட்டின் முடியைக் கத்தரித்துக் கொண்டுவந்தார். மேச்சேரி கறிக்கும் தோலுக்கும் வளர்க்கிற ஆடு, அதன் மேல் இருப்பது குட்டை முடி, கம்பளி இல்லை. அரை நாள் தேய்த்தும் தரையில் சிந்திய முடியாகவே கிடந்தது. முதலிலேயே தடுத்திருக்கலாம்தான். தடுக்கவில்லை, அன்றைக்கு மற்ற பதினொரு பேரும் அதைப் பார்த்துத்தான் கம்பளி என்றால் என்னவென்று புரிந்துகொண்டார்கள். புதிதாக வருகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே அழுத்தித் தேய்ப்பார்கள், பரப்பி வைத்த ரோம அடுக்கு கலைந்துபோகும். முதல் பத்து நிமிஷம் குழந்தைக்கு எண்ணெய் தடவுகிற மாதிரி தடவ வேண்டும். ஒரு ரோமத்தைக் கிள்ளித் தூக்கினால் மொத்தத் துணியும் கூடவே எழுந்து வந்தால், பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

தறியை எனக்குச் சொல்லித்தந்த மாமா பேசவே மாட்டார். குழித்தறியில் உட்காரவைத்துவிட்டு முதுகைக் காட்டித் தார் (நாடாவுக்குள் வைக்கிற நூல் சுற்று) சுற்றிக்கொண்டிருப்பார், குறுக்கு நூலை எடுத்துக்கொண்டு ஓடும் நாடாவின் ஓசையிலேயே தப்பு எங்கே என்று தெரியும் அவருக்கு. "ஓரம் இழுக்குது" என்பார், திரும்பிப் பார்க்காமல். ஊடையை, அதாவது அந்தக் குறுக்கு நூலை, வெடுக்கென்று இழுத்தால் துணி இரண்டு பக்கமும் இடுப்பு சிறுத்துப்போகும், நூலைக் கொஞ்சம் சாய்வாகத் தளரவிட்டு அப்புறம் அடிக்க வேண்டும். அதை அவர் சொல்லவில்லை. நானாகக் கண்டுபிடிக்க இரண்டு மாதம் ஆனது, இரண்டு முழம் துணி பாழானது. அவர் நல்ல ஆசிரியரா என்றால், எனக்கு இன்றுவரை தெரியாது.

பழஞ்சேலைப் போர்வைக்குப் பெரிய தத்துவமில்லை. நாலைந்து பருத்திச் சேலையை அடுக்கி ஓட்டுத்தையல் போடுவது, எல்லார் வீட்டிலும் ஆத்தாமார்கள் செய்ததுதான். நைலக்ஸ் சேலை மட்டும் நடுவில் வேண்டாம், வழுக்கிக்கொண்டு ஓடும்.

ஒரு இடத்தில் கூப்பிட்டு, இந்த நாலையும் மூன்று நாளில் சொல்லிக்கொடுத்துச் சான்றிதழ் கொடுங்கள் என்றார்கள். கொடுத்தேன், தப்புதான். மூன்று நாளில் கொடுக்க முடிந்தது காகிதம் மட்டும்.

ஓசூர் அம்மாவின் வழியைத்தான் இன்னமும் பிடித்துக்கொண்டிருக்கிறேன். புதிதாக யார் வந்தாலும் கையை மாற்றிக்கொள்வேன். அதிலும் ஒரு சிக்கல் வந்துவிட்டது. போன வாரம் ஆறாவது படிக்கிற பெண் ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள், நானும் எப்போது அறும் அறும் என்று காத்திருந்தேன், அறவே இல்லை. "நீங்க இடது கைப் பழக்கமா டீச்சர்?" என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் இடது கைக்கும் நன்றாக வந்துவிட்டது. இனி எதைக் கொண்டு தடுமாறுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். வணக்கம்.