பெரிய மீன்தொட்டி வாங்குமுன்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

இரண்டடித் தொட்டியொன்றில் கப்பியும் மொலியுமாக மீன் வளர்க்கத் தொடங்கியவர்கள், ஓராண்டோ ஈராண்டோ கழிந்ததும் அதைவிடப் பெரிய தொட்டிக்கு மாற எண்ணுவது வழக்கம். அவ்வாறு கடைக்குச் செல்பவர்களுள் பெரும்பாலானோர் கேட்கும் முதற் கேள்வி, இது எத்தனை லீற்றர் பிடிக்கும் என்பது. இரண்டாவது கேள்வி விலை. இரண்டும் வேண்டிய கேள்விகள்தாம். ஆயினும் கொழும்பு போன்ற வெப்பமான நகரத்தில், அதிலும் தொடர்மாடி வீடுகளில் வசிப்பவர்கள், கொள்ளளவைக் கேட்பதற்கு முன்னர் தொட்டியின் வடிவத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. இன்றைய உரையில் அதற்கான காரணங்களையே எடுத்துக் கூற விரும்புகிறேன்.

நம்மூர்க் கடைகளில் தொட்டிகளை அடிக்கணக்கிலேயே சொல்வார்கள். ஒரு கன அடியில் ஏறக்குறைய 28 லீற்றர் நீர் நிற்கும். மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் கொண்ட தொட்டியை எடுத்துக்கொண்டால், அது சுமார் 190 லீற்றர் பிடிக்கும். அதே மூன்றடி நீளத்தில், அகலத்தை ஓரடியாகக் குறைத்து உயரத்தை இரண்டேகால் அடியாகக் கூட்டினாலும் அதே 190 லீற்றர்தான். இந்த இரண்டாவது தொட்டி வரவேற்பறையில் இடத்தை அடைக்காது. பார்வைக்கும் எடுப்பாக இருக்கும். அதனாலேயே அது விரைவாக விற்பனையாகிறது. ஆனால் முதலாவது தொட்டியின் நீர்ப்பரப்பு நான்கரைச் சதுர அடி. இரண்டாவதின் நீர்ப்பரப்போ மூன்று சதுர அடி மட்டுமே. மூன்றில் ஒரு பங்கு பரப்பை நாம் இழந்துவிடுகிறோம்.

மீன் சுவாசிக்கும் ஒட்சிசன் அந்தப் பரப்பின் வழியாகவே நீருக்குள் செல்கிறது. காற்றுக் குழாயிலிருந்து எழும் குமிழிகள்கூட, தாம் நேரடியாகக் கரைவதைவிட, அடியிலுள்ள நீரை மேலே கொண்டுவந்து காற்றோடு சேர்ப்பதனாலேயே கூடுதலாகப் பயன்படுகின்றன. 20 பாகை செல்சியசு வெப்பமுள்ள நீரில், லீற்றருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஒட்சிசன் கரைந்திருக்கக்கூடும். நீர் 30 பாகையை அடையும்போது அது ஏழரை மில்லிகிராமாகக் குறைந்துவிடுகிறது. கொழும்பில் வீட்டினுள் இருக்கும் தொட்டி ஆண்டு முழுவதும் 27 முதல் 30 பாகை வரை நிற்பது இயல்பு. வெப்பம் கூடக்கூட மீனின் உடற்செயற்பாடும் விரைவடைவதால், நீரில் ஒட்சிசன் குறைந்திருக்கும் அதே வேளையில் மீனுக்கு அது கூடுதலாகத் தேவைப்படுகிறது. குளிர்நாடுகளில் உள்ளவர்கள் எழுதிய அறிவுரைகளை வாசித்துவிட்டு நீரைச் சூடாக்கும் கருவியை வாங்குபவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். நோய்ப்பட்ட மீனுக்கு மருத்துவம் செய்வது போன்ற சில சந்தர்ப்பங்கள் தவிர, நமக்கு அது வேண்டியதில்லை. அந்தப் பணத்தை அகலமான தொட்டிக்குச் செலவிடலாம்.

உயரத்தினால் வரும் இன்னொரு விளைவு கண்ணாடியின் மீதான அழுத்தம். நீர் ஆழமாக ஆழமாக அழுத்தம் கூடும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். மேலே சொன்ன இரு தொட்டிகளிலும் முன்கண்ணாடியின் மீது நீர் செலுத்தும் மொத்த விசையைக் கணக்கிட்டால், உயரமான தொட்டியில் அது இரண்டேகால் மடங்காகிறது. ஆகவே அதற்குத் தடித்த கண்ணாடி வேண்டும். தடித்த கண்ணாடிக்கு விலை கூடும். விலையைக் குறைக்க விரும்பும் கடைக்காரர் மெல்லிய கண்ணாடியைப் போட்டு, மேல்விளிம்பில் குறுக்குப் பட்டி வைத்துச் சமாளிக்கப் பார்ப்பார். ஒன்றரை அடி உயரத்துக்கு மேற்படாத மூன்றடித் தொட்டிக்கு 8 மில்லிமீற்றர் கண்ணாடியும் நான்கடித் தொட்டிக்கு 10 மில்லிமீற்றர் கண்ணாடியும் கேட்டு வாங்குவது நல்லது. ஒட்டுப்பசையில் காற்றுக் குமிழிகள் தெரிகின்றனவா என்று மூலைகளைக் கூர்ந்து பார்க்க வேண்டும். பழைய தொட்டியை இரண்டாங் கையாக வாங்குபவர்கள், அதனை வீட்டுக்குள் கொண்டுவருவதற்கு முன்னர், வெளியே சமமான தரையில் முழுமையாக நீர் நிரப்பி இரண்டு நாளாவது வைத்துப் பார்க்க வேண்டும். உயரமான தொட்டியின் அடியைத் துப்புரவு செய்யக் கை எட்டுமா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம்.

அடுத்து வருவது வீட்டின் தளம். ஒரு லீற்றர் நீரின் எடை ஒரு கிலோகிராம். நான் கூறிய மூன்றடித் தொட்டியில் நீர் மட்டும் 190 கிலோ. கண்ணாடி முப்பது கிலோவுக்கு மேல். அவற்றோடு சரளைக் கல்லும் தொட்டியை ஏற்றிவைக்கும் தாங்கியும் சேரும்போது 270 கிலோவைத் தாண்டும். நான்கைந்து பெரியவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு ஒரே இடத்தில் இரவும் பகலும் நகராமல் நிற்பதற்கு இது ஒப்பாகும். வசிப்பிடங்களின் தளங்கள் வழக்கமாகச் சதுர மீற்றருக்கு 150 முதல் 200 கிலோகிராம் வரையான பாவனைச் சுமைக்கு, அதாவது ஆட்களும் தளபாடங்களும் தரும் சுமைக்கு, அமைய வடிவமைக்கப்படுகின்றன. அந்தச் சுமை தளம் முழுவதற்குமான கணக்கு என்பதால், நல்ல கொங்கிறீற்றுத் தளத்தில் மூன்றடித் தொட்டியைச் சுவரோரமாக, கீழே தளத்தைத் தாங்கும் வளை செல்லும் இடத்தில் வைத்தால் பொதுவாகக் கவலைப்பட வேண்டியதில்லை. அறையின் நடுவில், இரு தூண்களுக்கும் எட்டாத இடத்தில் வைப்பதே தவறு. ஆனால் நான்கடி நீளமும் இரண்டடி அகலமும் இரண்டடி உயரமும் உள்ள தொட்டியில் நீரின் எடையே 450 கிலோவாகிவிடுகிறது. அத்தகையதை மேல்மாடியில் வைக்க எண்ணுபவர்கள் கட்டடப் பொறியியலாளர் ஒருவரைக் கேட்காமல் வைக்கலாகாது. கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் இன்னும் எஞ்சியிருக்கும் பலகைத் தளம் போட்ட பழைய மாடி வீடுகளில், மூன்றடித் தொட்டியைக்கூட நான் கீழ்த்தளத்திலேயே வைக்கச் சொல்வேன்.

வாடகை வீட்டிலிருப்பவர்கள் வீட்டுச் சொந்தக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது பிற்பாடு வரக்கூடிய மனக்கசப்பைத் தவிர்க்கும். லிப்டின் உள்நீளத்தையும் படிக்கட்டு திரும்பும் இடத்தையும் நாடாவால் அளந்துகொண்டு கடைக்குச் செல்லுங்கள்.

தாங்கியைப் பற்றி ஒரு சொல். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை ஆகிய கரையோரப் பகுதிகளில் உப்புக்காற்று இரும்பை அரித்துவிடுகிறது. அழுத்திய மரத்தூள் பலகையோ சில தடவை நீர் சிந்தினாலே ஊதிப்போகிறது. நன்கு வண்ணம் பூசிய பெட்டி இரும்பு, அல்லது வயிரமேறிய மரம், இவை இரண்டுமே நம்பத்தக்கவை. தாங்கியின் மேல் ரெஜிபோம் தகடு ஒன்றை விரித்து, அதன்மேல் தொட்டியை வைத்து, நாற்புறமும் மட்டம் பார்த்த பின்னரே நீர் நிரப்ப வேண்டும்.

இனி, தொட்டியை வாங்கிய பின்பும் வாரந்தோறும் தொடரப்போகும் வேலை. வாரத்துக்கு ஒருமுறை நீரில் நான்கில் ஒரு பங்கை மாற்ற வேண்டும் என்பது பொதுவான வழக்கம். 190 லீற்றர்த் தொட்டிக்கு அது நான்கைந்து வாளி. 450 லீற்றர்த் தொட்டிக்குப் பதினொரு வாளி. குளியலறையிலிருந்து கூடத்துக்கு அத்தனை வாளிகளைச் சுமப்பவர் யார் என்பதை வீட்டாரோடு பேசித் தீர்த்துக்கொண்டு அளவைத் தெரிவுசெய்வதே புத்திசாலித்தனம். நம்முடைய குழாய் நீரில் பெரும் பகுதி அம்பத்தலையில் களனி கங்கையிலிருந்தும், லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் வருகிறது. அது பொதுவாக மென்னீர், அதாவது கனிம உப்புகள் குறைந்த நீர். ஆனால் குளோரீன் சேர்க்கப்பட்டது. குழாயிலிருந்து நேரடியாகத் தொட்டிக்குள் விடுபவர்கள், கடைகளில் கிடைக்கும் குளோரீன் நீக்கியைப் புதிதாகச் சேரும் நீருக்கு மட்டுமன்றித் தொட்டியின் முழுக் கொள்ளளவுக்கும் கணக்கிட்டு இட வேண்டும். மொட்டைமாடியிலுள்ள மேல்தொட்டி நண்பகல் வெயிலில் சூடேறிவிடுவதால், நீர் மாற்றும் வேலையை அதிகாலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய தொட்டி எதற்கு என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். வைத்திருக்கும் மீன் வளர்ந்துவிட்டது என்பது உங்கள் காரணமானால், மீனின் இன்றைய நீளத்தை விட்டுவிட்டு, அது முழுமையாக வளர்ந்தால் எவ்வளவு நீளமாகும் என்பதைக் கொண்டு தொட்டியைத் தீர்மானிக்க வேண்டும். ஒஸ்கார் ஓரடி வரை வளரும். ஓரடி அகலமுள்ள தொட்டியில் அது உடலை வளைக்காமல் திரும்ப முடியாது. ஒன்றரை அடி அகலமுள்ள நான்கடித் தொட்டியே ஓர் ஒஸ்காருக்கான தொடக்க அளவு. பாசியைத் தின்னும் என்று விரலளவில் வாங்கிவரும் சக்கர் மீன் ஒன்றரை அடிக்கு நெருங்கிவிடும். வெள்ளி அரவானா இரண்டு அடியைத் தாண்டி மூன்று அடி வரை போகும். செவ்வால் கெளுத்தி மூன்றடிக்கு மேலும் வளரும். இவ்விரண்டுக்கும் ஏற்ற தொட்டி நடுத்தரக் கொழும்பு வீடொன்றில் அடங்காது என்பதே என் தீர்ப்பு. அவற்றை நான்கு அங்குலக் குஞ்சுகளாகக் காட்டி, வளர்ந்தால் பெரிய தொட்டிக்கு மாற்றலாம் என்று சொல்லி விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வளர்ந்துவிட்ட மீனைத் தியவன்னாவிலோ பேரை வாவியிலோ கொண்டுபோய் விடுவதும் தீர்வன்று. சக்கரும் கத்திமீனும் அவ்வாறு நம்முடைய நீர்நிலைகளில் பெருகி, உள்ளூர் மீன்களுக்குத் தொல்லையாகிவிட்டன. தங்கமீனும் எட்டு அங்குலம் வரை வளரக்கூடியது. அது குளிர்ந்த நீரை விரும்புவதால், நம்முடைய வெப்பத்தில் அதற்கு அகன்ற நீர்ப்பரப்பு மற்ற எந்த மீனையும்விட அவசியம்.

கூடுதலான மீன் வளர்க்க வேண்டும் என்பதே உங்கள் ஆசையானால், நம் நாட்டுக்கே உரிய இரு மீன்களை நினைவூட்ட விரும்புகிறேன். சிங்களத்தில் லே தித்தியா எனப்படும் செர்ரி பார்ப், புலத் ஹபயா எனப்படும் கருமாணிக்க பார்ப் ஆகிய இரண்டும் ஈரவலய ஓடைகளைச் சேர்ந்தவை. இரண்டு அங்குலத்தைச் சற்றுத் தாண்டினால் அதிகம். நிழலான, மென்மையான ஓடைநீரில் வாழ்பவை என்பதால் நம்முடைய குழாய் நீர் அவற்றுக்கு நன்றாகவே ஒத்துப்போகிறது. மூன்றடித் தொட்டியில் இருபது மீன்கள் கூட்டமாக வாழலாம். ஓடையில் பிடித்ததா, பண்ணையில் பெருக்கியதா என்று கேட்டு, பண்ணை மீனையே வாங்குங்கள். வெளிநாடுகளில் உள்ளவர்கள் ஆசையோடு வளர்க்கும் இம்மீன்களை நம்மவர்கள் கடையில் கண்டும் கடந்துபோவது எனக்கு விளங்காத ஒன்று.

புதிய தொட்டிக்கு மாறும் வேளையில்தான் அதிகமான மீன்கள் இறக்கின்றன. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியா நஞ்சு. அதனை ஒருவகைப் பற்றீரியா நைத்திரைற்றாகவும், மற்றொருவகை அந்த நைத்திரைற்றைத் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. இந்தப் பற்றீரியாக்கள் நீரில் மிதப்பதைவிட வடிகட்டியின் பஞ்சிலும் சரளைக் கல்லிலும் ஒட்டியே பெரும்பாலும் வாழ்கின்றன. வெறுமையிலிருந்து தொடங்கினால் அவை போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். பழைய நீரை வாளி வாளியாகச் சுமந்து புதிய தொட்டியில் ஊற்றுபவர்கள், பழைய வடிகட்டியைக் குழாய் நீரில் பளிச்சென்று கழுவி வைத்துவிடுகிறார்கள். காக்க வேண்டியதைக் கொன்றுவிட்டு, அவ்வளவாகப் பயன்படாததைச் சுமந்து வருகிறார்கள். பழைய வடிகட்டியைக் கழுவாமல் அப்படியே புதிய தொட்டியில், புதிய வடிகட்டிக்குப் பக்கத்தில், குறைந்தது ஆறு வாரம் ஓடவிடுங்கள். அதுவரை புதிய மீன் எதையும் சேர்க்க வேண்டாம்.

மென்னீருக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. நெடுநாள் நீர் மாற்றப்படாத பழைய தொட்டியில் அமிலத்தன்மை மெதுவாகக் கூடிவிடுகிறது. அமில நீரில் அமோனியா பெரும்பாலும் தீங்கற்ற வடிவில் இருப்பதால் மீன்கள் அதைச் சகித்துக்கொண்டு வாழ்ந்துவிடும். அவற்றைத் திடீரெனப் புதிய நீரில் விடும்போது அமிலத்தன்மையின் வேறுபாடே அவற்றைத் தாக்கும். எஞ்சிய அமோனியாவும் நச்சு வடிவுக்குத் திரும்பும். எனவே இடம் மாற்றுவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே, பழைய தொட்டியில் இரண்டு நாளுக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றி வாருங்கள்.

வடிகட்டியின் பெட்டியில் அச்சிடப்பட்ட வேகம், பஞ்சு எதுவும் இல்லாத வெற்று நிலையில் அளக்கப்படுவது. மணித்தியாலத்துக்குத் தொட்டி நீரைப்போல் ஐந்து மடங்கு என்று கணக்கிட்டால், 190 லீற்றருக்குச் சுமார் 1,000 லீற்றர் வேகமுள்ளதை வாங்கலாம். 2022 ஆம் ஆண்டில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டதை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பற்றரியில் இயங்கும் காற்றுப் பம்பி ஒன்று வீட்டில் இருக்கட்டும். மூடிய குப்பி வகை வடிகட்டி சில மணித்தியாலம் நின்றுவிட்டால், உள்ளே தேங்கிய நீரை வெளியே கொட்டிவிட்டு, அதன் பஞ்சைத் தொட்டி நீரில் அலசிய பிறகே மீண்டும் இயக்க வேண்டும்.

பழைய இரண்டடித் தொட்டியை விற்றுவிட அவசரப்படாதீர்கள். புதிதாக வாங்கும் மீன்களை இரண்டு மூன்று வாரம் தனியே வைத்து நோய் இருக்கிறதா என்று கவனிக்க அதைவிட ஏற்றது வேறில்லை. பாவிக்காத நாட்களில் அதனைப் பல்கனியிலோ முற்றத்திலோ நிமிர்த்தி வைக்காமல் கவிழ்த்து வையுங்கள். ஒரு மழைக்கு நீர் தேங்கினாலே டெங்கு நுளம்பு முட்டையிட்டுவிடும், பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வந்து கதவைத் தட்டுவார்.

நன்றி. வணக்கம்.